ஊரு நல்ல ஊருதான்

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் நான் பிறந்த வீட்டுக்கு இன்றைக்கும் ‘பினாங்குக்காரர் வீடு’ என்றுதான் பெயர். பினாங்குக்குப் போனவர் என் தாத்தா ஒருவர்தான். மற்ற எல்லாரும் அவர் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள்.

1936-ல் முதல் தடவை கப்பல் ஏறினாராம். ரஜூலா கப்பல். சென்னையிலிருந்து கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போகும். எங்கள் கரையில் கப்பல் அணையாது. தூரக் கடலில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். பினாங்கு மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார் தாத்தா. மூன்று வருஷத்துக்கோ நான்கு வருஷத்துக்கோ ஒரு தடவை வருவார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிய பிறகு கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த நான்கு வருஷமும் என் அப்பாயி வியாழக்கிழமை தவறாமல் நாகூருக்கு நடந்தே போய், ஆண்டவர் சந்நிதியில் சர்க்கரை வைத்துவிட்டு வருவாராம்.

1969-ல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தபோது தாத்தா மொத்தமாகத் திரும்பினார். எனக்கு ஏழு வயது. படகிலிருந்து அவரைக் கை கொடுத்து இறக்கியதும், பின்னாலேயே ஒரு பச்சைத் தகரப் பெட்டி வந்ததும் நினைவிருக்கிறது. அதன் பிறகு பதினோரு வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு குறைந்த மனுஷர். அப்பாயி சோறு போடும்போதெல்லாம் கேட்பார், “அங்க என்னதான் சாப்புட்டீங்க? கடைத்தெரு எப்புடி இருக்கும்? கடல் நம்ம கடல் மாதிரிதானா?” தாத்தா குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்வார்: “ஊரு நல்ல ஊருதான்.” அவ்வளவுதான் பதில். அப்பாயி 1991-ல் போகும்வரை அதற்கு மேல் ஒரு வரிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமானது 1987-ல். இவர் மின்வாரியத்தில் வேலை. எங்கள் பக்கத்தில் மின்வாரியக்காரர் வீடு என்றால் மழைக்காலம் முழுக்க ஆம்பளை இல்லாத வீடு. புயல் சின்னம் என்று வானொலியில் சொன்னதுமே இவர் டார்ச்சையும் பிளையரையும் எடுத்து வைப்பார். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது ஒரு மாதத்துக்கு மேல் வேதாரண்யம் பக்கமே கிடந்தார். விடுமுறை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் போன ஊர் என்று ஒன்று கிடையாது. பழனிக்குப் போனாலும் கூட எட்டுப் பேர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பையன் கேட்டான், “எங்கயாச்சும் வெளிநாடு போயிட்டு வாங்களேம்மா, எங்க போறீங்க?” நான் யோசிக்கவே இல்லை. பினாங்கு என்றேன்.

சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசாவும் தேவையில்லை. வருகைப் படிவத்தைப் பையனே கணினியில் நிரப்பிக் கொடுத்துவிட்டான். 2025 ஜனவரி, பொங்கலுக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்ததும் கிளம்பினோம். தாத்தாவுக்கு ஒரு வாரம் பிடித்த கடல். நள்ளிரவுக்கு மேல் ஏறி, தூங்கி விழித்தால் காலை. சன்னலுக்குக் கீழே பச்சைப் பசேலென்று ஒரு தீவு.

மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இவர் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. பிரஷர் மாத்திரை நம் ஊர் நேரப்படிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு முழுக்க எங்களிடம் இரண்டு நேரம் இருந்தது. சுவரில் இருப்பது ஒன்று, இவர் மணிக்கட்டில் இருப்பது ஒன்று.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் வழி கடலோரமாகவே போகிறது. வலது பக்கம் தண்ணீருக்கு நடுவில் காடு மண்டிய ஒரு சின்னத் தீவு தெரிந்தது. டாக்சி ஓட்டிய சீனத் தம்பியிடம் கேட்டேன். “ஜெரெஜாக்” என்றார். எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. கப்பலில் மேல்தளச் சீட்டில் வந்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன், அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்துத் தங்கவைத்த இடம் அது. தாத்தாவும் அங்கே இருந்திருப்பாரா என்று இவரிடம் கேட்டேன். “இருந்திருப்பாரு” என்றார். பிறகு, “நம்மள அரை மணி நேரத்துல வெளிய விட்டுட்டான் பாரு” என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

தங்குமிடம் ஜார்ஜ் டவுனில், பழைய சீனக் கடைவீடு ஒன்றை அறைகளாக மாற்றியது. அறை மூன்று மணிக்குத்தான் என்றார்கள். பையை வைத்துவிட்டு இறங்கிவிட்டோம். அப்படி இறங்கியது எவ்வளவு நல்லதாயிற்று என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். கட்டிலைப் பார்த்திருந்தால் படுத்திருப்போம்.

முதல் கடை, தெருமுனையில். நம் பரோட்டாவின் தம்பி ஒருவன் இருக்கிறான் அங்கே, ரொட்டி சானாய். கையளவு உருண்டையைத் தட்டி, வீசி வீசி வேட்டிபோல விரித்து, மடித்துக் கல்லில் போடுகிறார்கள். மேலே முறுகல், உள்ளே மெத்து. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. கூடவே தே தாரே, இழுத்து ஆற்றிய பால் டீ. கடைக்காரருக்குப் பூர்வீகம் கடையநல்லூர். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய. “எந்த ஊருக்கா?” என்று கேட்டார். நாகப்பட்டினம் என்றதும், “அப்ப கப்பல் ஊரு” என்றார். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். ரஜூலா நின்றபோது பிறந்திருக்கவே மாட்டார். இருந்தாலும் அந்த வார்த்தை அவர் வாயில் இருந்தது.

மார்க்கெட் தெருவுக்குப் போனோம். லெபு பாசார் என்று பலகை சொல்கிறது. ‘லிட்டில் இந்தியாவுக்குப் போகாதீங்க, அங்கே எல்லாம் நம்ம ஊருதான்’ என்று கிளம்பும்போதே நாலு பேர் சொல்லியிருந்தார்கள். அது தப்பு. பூக்கடை இருக்கிறது, மசாலா அரைக்கும் மணம் இருக்கிறது, பாட்டு அலறுகிறது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பூ கட்டுபவர் உட்கார்ந்திருப்பது சீனக் கடைவீட்டின் தூணுக்கு அடியில். வீட்டுக்கு வீடு முன்பக்கம் ஐந்தடி அகலத்துக்குக் கூரையோடு நடைபாதை விட்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் படாமல் தெரு முழுக்க நடக்கலாம். பக்கத்துத் தெருவில் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த ஐந்தடிப் பாதையில் அறுபது, எழுபது வருஷத்துக்கு முன் என் தாத்தா குடையில்லாமல் நடந்திருப்பார் என்று நினைத்தபோது, எது அந்தக் கடை என்று தேடும் ஆசையே போய்விட்டது. தெரு முழுவதும் அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கோபுரத்தை என்று நினைத்தேன். மின்கம்பியை. “வேலை சுத்தமா இருக்கு” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு கம்பத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஏனென்றால் எங்களுக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தபோது ‘கெடாய்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. நகைக் கடை, காப்பிக் கடை, தையல் கடை, எல்லாவற்றுக்கும் முன்னால் கெடாய். அட, நம்ம ‘கடை’! இவரிடம் சொன்னேன். அவ்வளவுதான், இவரும் தேட ஆரம்பித்துவிட்டார். துறைமுகப் பக்கம் காட்டும் பலகையில் ‘காப்பல்’ இருந்தது. கப்பல். ஓட்டல் ஒன்றின் வாசலில் நீச்சல் குளத்துக்கு ‘கோலாம்’ என்று போட்டிருந்தது. குளம். மளிகைக் கடை மூட்டையில் ‘கெத்தும்பார்’, கொத்துமல்லி. நான் நாலு கண்டுபிடித்துவிட்ட பெருமையில் முன்னால் நடந்தேன். பின்னாலிருந்து இவர் சத்தம்.

“ஏம்மா, இங்க வா! இங்க வா!”

மின்சாமான் விற்கும் கடை. வாசலில் ஒரு குளிர்பதனப் பெட்டி. மேலே விலைச்சீட்டில் ‘பெத்தி செஜுக்’ என்று எழுதியிருந்தது. கடைப் பையனிடம் கேட்டு அர்த்தமும் தெரிந்துகொண்டு நின்றார். செஜுக் என்றால் குளிர். “பெத்தி, பெட்டி! உன் தாத்தா கொண்டுவந்தாரே, அந்தப் பெட்டி!” அறுபத்து நாலு வயதில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தேன். பையன் பிறந்த அன்றைக்குப் பார்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

கப்பல் ஏறிப் போனவர்கள் பெட்டியை மட்டும் இங்கே இறக்கவில்லை, அதன் பேரையும் சேர்த்தே இறக்கியிருக்கிறார்கள். தாத்தா பிறப்பதற்கு எத்தனையோ நூறு வருஷம் முன்பே.

சூலியா தெரு முனையில் சின்னதாக, வெள்ளையும் பச்சையுமாக ஒரு கட்டடம். நாகூர் தர்கா ஷெரீப். இப்படி ஒன்று இங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த நம் கரை வணிகர்கள் தங்கள் ஆண்டவர் நினைவாகக் கட்டிக்கொண்டது. எங்கள் நாகூரில் ஐந்து மினாரா. தஞ்சாவூர் ராஜா பிரதாப்சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாராவே 131 அடி. கடலில் போகிறவர்கள் கண்ணுக்கு ஊர் மறைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் தெரியும் என்பார்கள். இங்கே இருப்பது என் உயரத்துக்கு நாலு பங்கு இருந்தால் அதிகம். உள்ளே சாம்பிராணிப் புகை. அதே சாம்பிராணி.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கே நாகூரில் வாரா வாரம் ஒருத்தி சர்க்கரை வைத்து வேண்டிக்கொண்டிருந்த நாலு வருஷத்தில், இங்கே இந்த வாசலை அந்த மனுஷர் எத்தனை தடவை கடந்து போனாரோ. கடை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு தடவையாவது நின்றிருப்பார். பேசாத மனுஷர், ஆனால் நின்றிருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. இவர் போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் சர்க்கரை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நான் விரிவாகத்தான் எழுத வேண்டும். அப்பாயிக்குப் பாக்கி அது.

நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் போடும் காவுத்தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புப் பானையுமாகத் தெருத்தெருவாகச் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்கும் கடை ஆட்களுக்கும் விற்றது. இப்போது தடி போய்விட்டது, பெயர் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு, பதினைந்து பாத்திரங்கள். நமக்கு வேண்டியதைக் கைகாட்ட வேண்டும். நான் மீன் முட்டை, வெண்டைக்காய், கணவாய் என்றேன். இவர் கோழி. பரிமாறுபவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, “பஞ்சிர்?” என்றார். விழித்தேன். பின்னால் நின்ற ஒரு பெரியவர் தமிழில் சொன்னார், “வெள்ளம்மா. எல்லாக் கொளம்பையும் ஊத்தட்டுமான்னு கேக்குறாரு. அப்படித்தான் சாப்புடணும்.”

ஊற்றச் சொன்னேன். மீன் குழம்பு அரைக் கரண்டி, கோழிக் குழம்பு அரைக் கரண்டி, பருப்பு, கணவாய்ச் சாறு, கறுப்பாக இனிப்பு கலந்த ஒன்று. எல்லாம் சோற்றின் மேல் ஓடி, தட்டின் ஓரத்தில் சிவப்பும் பழுப்புமாக எண்ணெய் மினுங்கத் தேங்கியது. எங்கள் வீட்டில் ஒரு குழம்பு மேல் இன்னொரு குழம்பை ஊற்றினால் அப்பாயி கையைத் தட்டிவிடுவார். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். கறிவேப்பிலையும் கடுகும் நம் ஊர். புளிப்பும் நம் ஊர்தான், கொஞ்சம் அடக்கமாக. அதற்குப் பின்னால் அன்னாசிப்பூவும் பட்டையும் மெல்ல எழும்பி வந்தன. கடைசியில் நாக்கின் நடுவில் ஒரு இனிப்பு. அது சீனத்துச் சோயாவிலிருந்து வந்தது. மூன்றும் சண்டை போடவில்லை. ஒன்றாகச் சமைத்ததுபோல அல்ல, ஒரே தெருவில் வெகுகாலம் குடியிருந்ததுபோல இருந்தன.

இதைத்தான் சாப்பிட்டிருக்கிறார் தாத்தா. மார்க்கெட் தெருவில் கணக்குப் பேரேட்டை மூடிவைத்துவிட்டு, நடைபாதையில் குந்தி, காவுத்தடிக்காரரிடம் வாங்கி. சோற்றுக்குக் குறைவில்லை. நன்றாகவே சாப்பிட்டிருக்கிறார், அப்பாயி.

இரண்டாம் தடவை சோறு கேட்டேன். “மெதுவா சாப்புடு, எங்க போவப் போறோம்?” என்றார் இவர். முப்பத்தேழு வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டிராத வாக்கியம். பரிமாறிவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிய கை என்னுடையது. அன்றைக்கு உட்கார்ந்து, எதிரில் இவர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

பிறகு ஜாதிக்காய்ச் சாறு. இந்தத் தீவில் ஜாதிக்காய் மரம் உண்டு. நாம் கொட்டையை மட்டும் பார்த்திருக்கிறோம், இவர்கள் மேல் சதையைப் பிழிந்து சர்பத் போடுகிறார்கள். புளிப்பும் துவர்ப்பும் உறைப்புமாகத் தொண்டையைக் கழுவிவிட்டது. அறைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் கட்டையாகத் தூங்கினோம்.

சாயங்காலம் சியூ துறை. கடலுக்குள் நட்ட மரக்கால்களின் மேல் வீடுகள். நடுவில் பலகைப் பாதை. லிம், டான், லீ, யோ என்று சீனத்து ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறை. சியூ குலத்துடையது இருப்பதில் பெரியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் தோணி தள்ளியும் பிழைக்க வந்தவர்கள் கட்டிக்கொண்டவை. ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் அசைத்தேன். பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தளும்புவது தெரியும். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊரில் நாலு பேர் பார்க்க அப்படி நடந்ததே இல்லை நாங்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரம்தான் பெர்ரி. எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் 1894-லிருந்து பெர்ரி ஓடுகிறது. கார்களை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய பழைய பெர்ரிகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன். அவற்றை 2020-ஓடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஓடுவது புதியவை, சிறியவை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஏறி, துறையை விட்டு நகர்ந்ததும் வருத்தம் மறந்தது.

தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் ஊர் தெரிகிறது. பழைய ரயில்வேக் கட்டடத்தின் மணிக்கூண்டு, வெள்ளை வெள்ளையாகக் கிட்டங்கிகள், நடுவில் ஒற்றையாக உயர்ந்த கொம்தார் கோபுரம். எல்லாவற்றுக்கும் பின்னால், நீலமாக, அகலமாக, பினாங்கு மலை. மணி ஆறரை தாண்டியும் வெயில் இருந்தது. கோபுரங்களையெல்லாம் மனசுக்குள்ளேயே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். மலை மிஞ்சியது. ஒரு வாரம் தண்ணீரையே பார்த்து வந்த கண்ணுக்கு முதலில் தட்டுப்பட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன், கையில் தகரப் பெட்டி, ஊரில் கல்யாணமாகி ஒரு வருஷமான பொண்டாட்டி. தனியாகப் பார்த்திருப்பான்.

“என்னங்க” என்றேன். “ம்” என்றார். சொல்ல ஒன்றும் வரவில்லை. சொல்ல வராதபோது தாத்தா சொன்ன வாக்கியம்தான் வாயில் வந்தது. “ஊரு நல்ல ஊருதான்.”

அக்கரை போக பத்து, பதினைந்து நிமிஷம். இறங்கி, அடுத்த பெர்ரியில் திரும்பினோம். வரும்போது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மலையின் விளிம்பு மட்டும் செம்பு தேய்த்ததுபோல. ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்திருந்தது. எங்கே எந்த விளக்கு எரிகிறது என்று எண்ணுகிற ஆள், எண்ணாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையில் இறங்கியதும் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். இவர் பதில் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நம்ம ஊர்ல இன்னும் அஞ்சு மணிகூட ஆவல” என்றார். “இன்னொரு தடவ போயிட்டு வருவமா?”

போனோம்.